இறக்கம் என்று இளக்காரம் வேண்டாம்

டிசம்பர் விடுமுறைக்கு ஊர் வரும் நம் பழைய மாணவர்களில் பாதிப் பேருக்காவது ஏலகிரி ஞாபகம் வந்துவிடும். பள்ளி மைதானத்திலிருந்து பார்த்த மலை. அந்தக் காலத்தில் கால்நடையாக ஏறியவர்கள் நம்மில் உண்டு. இப்போது மலையடிவாரப் பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் என்று ஒரு பெயர்ப் பலகை. அரை மணி நேரத்தில் கார் மலைமேல் அத்தனாவூரில் நிற்கிறது, பிள்ளைகள் படகு விடுகிறார்கள், கதை முடிந்தது. மலையை மலையாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது: மலைமேல் இருக்கும் நிலாவூரிலிருந்து காட்டுக்குள் இறங்கி, அட்டாற்றுப் பள்ளத்தாக்கில் ஜலகாம்பாறை அருவிக்கு வந்து சேர்வது. தூரம் ஏறக்குறைய 6 கிலோமீட்டர்தான். “இறங்குறதுதானே” என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சொல்லுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு முகவரிக் குழப்பம். நம் காலத்துச் சான்றிதழில் வட ஆற்காடு என்று இருக்கும். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்து போனது, பிறகு வேலூர் மாவட்டம் என்று பெயர் வந்தது, 2019-ல் திருப்பத்தூர் தனி மாவட்டமானது. ஏலகிரியும் ஜலகாம்பாறையும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். அனுமதி கேட்க வேலூருக்குப் போய் நிற்காதீர்கள்.

அனுமதி கட்டாயம் வேண்டும். பாதை காப்புக்காடு வழியாகப் போகிறது. 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகளே வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை இணையவழி முன்பதிவோடு 40 பாதைகளைத் திறந்தது. எந்தப் பாதை எந்த மாதம் திறந்திருக்கிறது என்பதை அந்தத் தளத்திலோ திருப்பத்தூர் வனச்சரக அலுவலகத்திலோ விமானச் சீட்டு எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். பிப்ரவரி பாதியிலிருந்து தீக்காலம். புல் மஞ்சளாகி, மூங்கில் தோகை சருகாகிவிடும். தீ சரிவில் மேல்நோக்கிப் பாய்ந்து ஓடும். பள்ளத்துக்குள் இருப்பவனுக்கு அது வருவதே தெரியாது. ஆகவே நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை நல்ல காலம். அதற்குள்ளும் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தால் அந்த வாரத்தை விட்டுவிட வேண்டும்.

இனி ‘இறங்குறதுதானே’ விஷயம். ஏறுகிற மலையில் பாதியில் களைத்துப்போனால் திரும்பலாம், திரும்பினால் இறக்கம். இங்கே பாதியில் களைத்தால் திரும்பும் வழி முழுக்க ஏற்றம். நிலாவூர் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, திருப்பத்தூர் சமவெளி 400 மீட்டர் அளவில். அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதியை 6 கிலோமீட்டருக்குள் இறங்கித் தீர்க்கிறோம். வெயிலும் தலைகீழ். ஏறும் மலையில் மதியம் போகப் போகக் குளிரும். இங்கே காலை எட்டு மணிக்கு ஸ்வெட்டர் கேட்கிற காற்றில் புறப்பட்டு, உச்சி வெயிலில் மூன்று நான்கு டிகிரி கூடிய காற்றில், காற்றே அசையாத பள்ளத்தில் வந்து நிற்கிறோம். காலையில் தாகமே எடுக்காததால் தண்ணீர் குறைவாக எடுத்துப் போவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பெரியவருக்கு 3 லிட்டர், பிள்ளைகளுக்கு 2 லிட்டர். கனக்கத்தான் செய்யும், தூக்குங்கள். ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் அது மேலே ஊர்களையும் வயல்களையும் விடுதிகளையும் கடந்து வந்த தண்ணீர். கால் நனைக்கலாம், குடிக்கக் கூடாது. ஒரு பெரிய பொட்டலம் ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டருக்கு. அரை பாட்டிலில் கொட்டிக் குலுக்கினால் உப்புக் கூடிப்போய் இன்னும் தாகம்தான் எடுக்கும்.

முடிவு எடுக்க வேண்டிய இடம் முதல் ஒரு மணி நேரம். முழங்கால் முணுமுணுத்தாலோ, பிள்ளை அழுதாலோ, மேகம் திரண்டாலோ அந்த ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். அதைத் தாண்டினால் கீழே போவதுதான் ஒரே வழி.

முழங்காலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. மூச்சு வாங்கும், ஆனால் தசை சேதமாகாது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது, ஒவ்வொரு அடியும் ஒரு பிரேக். மூச்சு வாங்காது, அதனால் களைப்பு தெரியாது. திடீரென்று இரண்டாவது மணி நேரத்தில் தொடை நடுங்க ஆரம்பிக்கும். தொடை தளர்ந்தால் சுமை முழுக்க மூட்டுக்குப் போகிறது. வலியின் உச்சம் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோதான் வரும். ரயிலில் மேல் பெர்த்திலிருந்து இறங்க முடியாமல் தவிப்பது அப்போதுதான். டொராண்டோவிலோ லண்டனிலோ டிரெட்மில்லில் ஏற்றம் வைத்து நடந்தது இதற்கு உதவாது. இறங்கித்தான் பழக வேண்டும். அடுக்குமாடி வீடாக இருந்தால் மேலே போக லிப்ட், கீழே வரப் படிக்கட்டு என்று மூன்று வாரம், வாரத்துக்கு இரண்டு முறை, பத்து பதினைந்து மாடி இறங்கினால் போதும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஒரே ஒரு நாள் நன்றாக இறங்கிப் பழகியிருந்தாலே வலி கணிசமாகக் குறையும். ஊர் வந்த மறுநாளே காட்டுக்குப் போகவும் வேண்டாம். பனி பெய்யும் நாட்டிலிருந்து வரும் உடம்பு நம் வெயிலுக்குப் பழக ஒரு வாரமாவது எடுக்கும்.

கால்விரல் நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் கால் முன்னே சரிந்து நகம் ஷூவின் மூக்கில் இடித்துக்கொண்டே இருக்கும். மாலைக்குள் பெருவிரல் கறுத்துவிடும். ஷூ கயிற்றைக் கட்டுவதில் ஒரு சூட்சுமம்: கடைசி ஓட்டைக்குக் கயிற்றை வெளியிலிருந்து உள்ளே, அதே பக்கத்திலேயே விட்டால் சின்னக் காது மாதிரி ஒரு வளையம் நிற்கும். இரண்டு பக்கமும் அப்படிச் செய்து, எதிர்ப்பக்கக் கயிற்றை அந்தக் காதுக்குள் நுழைத்து இழுத்து, பிறகு முடிச்சு. இழுக்கும் முன் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டிப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ள வேண்டும். இப்போது குதிகால் நகராது, விரல் இடிக்காது. வழவழத்த அடியுள்ள ஓட்டப்பந்தய ஷூ வேண்டவே வேண்டாம்.

தடி அவசியம். கடையில் வாங்கும் கம்பியானால் சமதரையில் முழங்கை செங்கோணத்தில் மடங்கும் உயரத்தைவிட ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் நீட்டி வைத்துக்கொள்ளுங்கள். மூங்கிலானால் நெஞ்சுயரம். தடி முதலில், கால் பிறகு. கால் வைத்தபின் தடி ஊன்றுகிறவன் தடியைச் சும்மா சுமந்து வருகிறான்.

அடி வைப்பதை மலையில் பிறந்தவர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஏலகிரியின் பூர்வகுடிகளான மலையாளி மக்களில் ஒருவர் வழிகாட்டியாக வந்தால் (கேரளத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், மலையை ஆள்பவர் என்று பொருள் சொல்வார்கள்) அவருடைய முழங்காலை மட்டும் பாருங்கள். ஒருபோதும் விறைப்பாக நிற்காது, எப்போதும் லேசான மடிப்பு. பாதம் முழுதாகப் பதியும், குதிகாலால் குத்த மாட்டார். அடி சின்னது. நாம் ஒரு எட்டு வைக்கும் இடத்தில் அவர் இரண்டு வைப்பார். உயரமான படிப்பாறையில் நேராகக் குதிக்காமல் பக்கவாட்டில் திரும்பி ஒரு காலை இறக்குவார். “குதிக்காதீங்கண்ணா, கால் வச்சு வாங்க” என்று அவர் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளலாம்.

வழுக்குவது எங்கே என்று கேட்டால் எல்லாரும் ஓடைப் பாறை என்பார்கள். அங்கே பயந்து நடப்பதால் விழுவது குறைவு. மோசமானது காய்ந்த பாறைமேல் தூவிக்கிடக்கும் சரளை மண். கடலைப்பருப்பு அளவுக் கல் ஷூவுக்கடியில் குண்டு போல உருளும். அடுத்தது பாறைமேல் காய்ந்த மூங்கில் இலை. ஈரப்பாறையில் நிறத்தைப் பாருங்கள்: சாம்பல் நிறமாகச் சொரசொரப்பாக இருந்தால் பிடிக்கும். கறுத்து எண்ணெய் தடவியதுபோல மின்னினால் அது பாசி. எந்த ஷூவும் நிற்காது, உட்கார்ந்து நகர்வதில் வெட்கமில்லை. செடியைப் பிடிக்கும் முன் செடியைப் பார்க்க வேண்டும். சூரைமுள் பின்னோக்கி வளைந்தது, கையை இழுத்தால்தான் கிழிக்கும். காஞ்சொறி பட்டால் தேய்க்கக் கூடாது. ஒட்டும் பிளாஸ்திரியை வைத்து எடுத்தால் சுணையெல்லாம் அதோடு வந்துவிடும். டிசம்பரில் ஒட்டுப்புல்லும் நாயுருவியும் கம்பளிச் சாக்ஸை விடாது.

கரடி உண்டு. விடிகாலையும் அந்தியும் அதன் நேரம். எட்டு மணிக்குப் பின் கூட்டமாகப் பேசிக்கொண்டு நடந்தால் அதுவே விலகும். பாறை முகட்டில் மலைத்தேன் கூடு தெரிந்தால் பேச்சை நிறுத்தி வேகமாகக் கடக்க வேண்டும். அத்தர், சென்ட், ஊதுபத்தி, பீடி எதுவும் கூடாது. பாம்புக்கு ஒரே விதி, கண் போகாத இடத்தில் கை போகக் கூடாது. கடித்துவிட்டால் கட்டுப்போடாமல், கீறாமல், காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான் முதலுதவி. பள்ளத்துக்குள் போன் சிக்னலை நம்ப முடியாது. ஏழு பேருக்குக் குறைந்த குழுவாகப் போகக் கூடாது என்பது இதனால்தான். நாலு பேர் தூக்க, ஒருவர் ஓடிப்போய் 108-ஐ அழைக்க, ஒருவர் பிள்ளைகளோடு நிற்க.

ஓடையில் நடக்கும்போது காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே நிலாவூர் பக்கம் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். தெளிந்த தண்ணீர் டீ நிறமாக மாறினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, சலசலப்பு உறுமலாக மாறினாலோ, பையைக்கூட எடுக்காமல் கரையேற வேண்டும். எந்தக் கரையில் இருக்கிறீர்களோ அந்தக் கரையிலேயே. எதிர்க்கரையில் பாதை இருக்கிறதே என்று கடக்கப் போவதுதான் ஆளைக் கொல்லும். காட்டாறு வந்த வேகத்தில் வடியும். இரண்டு மணி நேரம் பாறைமேல் உட்கார்ந்திருக்கலாம்.

சாப்பாட்டுக்குப் புளிச்சாதம், இல்லையென்றால் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் கட்டிய இட்லி. முந்தைய இரவு செய்தாலும் மதியம் வரை தாங்கும். தேங்காய்ச் சட்னியும் தயிர்சாதமும் அந்த வெயிலில் ஊசிப்போகும். நடக்கும்போது மெல்லக் கடலைமிட்டாய், நெல்லிக்காய். ஆம்பூர் பிரியாணி இறங்கி முடித்தபின்தான். காலையில் அதைச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களை முதல் கிலோமீட்டரிலேயே அடையாளம் தெரியும்.

நேரக் கணக்கு: பிள்ளைகளும் பெரியவர்களும் கலந்த குழுவுக்கு நடை மட்டும் நாலு மணி நேரம், நிறுத்தங்களோடு ஐந்தரை. எட்டுக்குப் புறப்பட்டால் இரண்டுக்குள் அருவி. டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும், பள்ளத்தில் மலை மறைத்து இன்னும் ஒரு மணி முன்பே இருட்டும். தலையில் கட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று. செல்போன் வெளிச்சம் போதாது, அதைப் பிடிக்க ஒரு கை வேண்டும், அந்தக் கையில் தடி இருக்கிறது. கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் கடைசிக் கிலோமீட்டரில்தான். பாதை சமமாகி, மனிதக் குரல் கேட்டு, கால் தளர்ந்திருக்கும்போது எட்டி வைக்கிறார்கள். நாலு அங்குலக் கிரேப் பேண்டேஜ் ஒன்று மேல்பைக்குள் இருக்கட்டும்.

அருவியடியில் முருகன் கோயில், லிங்க வடிவில் கட்டியது, தூரத்திலிருந்தே தெரியும். ஆடி மாதத்தில் கூட்டம் நெரியும், மற்ற நாளில் அமைதி. வியர்வையோடு நேராக அருவிக்குள் போகாமல் கால் மணி நேரம் உட்காருங்கள். ஷூவைக் கழற்றும்போதே தொடையிடுக்கிலும் முழங்கால் மடிப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஒட்டியிருந்தால் நகத்தால் நசுக்காமல் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும்.

திருப்பத்தூருக்கு அங்கிருந்து ரோடு இருக்கிறது. ஆட்டோவையோ வேனையோ காலையிலேயே பேசி மூன்று மணிக்கு வரச்சொல்லி வைப்பது நல்லது. அந்த வண்டியில் வழிகாட்டிக்கும் ஓர் இடம் வேண்டும். இதை மறந்துவிடுகிறார்கள். நாம் இறங்கி முடித்தோம், அவர் வீடு மேலே இருக்கிறது. திருப்பத்தூர் பஸ் நிலையத்தில் அவரை ஏலகிரி பஸ்ஸில் ஏற்றி, கூலியோடு பஸ் காசையும் கொடுத்துவிடுங்கள். மூங்கில் தடியையும் அவரிடமே கொடுங்கள், விமானத்தில் அதை ஏற்ற மாட்டார்கள்.