சாப்பாட்டுச் சீட்டுக்குப் பட்ட பாடு

அம்மாவுக்குச் சர்க்கரைன்னு தெரிஞ்சு, டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கினது வரைக்கும் ஒரு சிரமமும் இல்லை. என்ன, எவ்வளவு சாப்பிடணும்னு எழுதித் தர்ற சாப்பாட்டுச் சீட்டை (டயட் சார்ட்) வாங்கறதுக்குள்ளதான் போதும் போதும்னு ஆயிருச்சு.

கோபியிலிருந்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வெறும் வயித்துல வரச் சொன்னாங்க. காலை மாத்திரையைப் போடலாமான்னு முந்தின நாளே போன்ல கேட்டேன். "வழக்கம்போலப் போட்டுக்கங்க"ன்னாங்க. போனா, டயட்டீஷியன் லீவு. ரத்தம் எடுக்கற வரிசையிலயே மணி பதினொண்ணு. அம்மாவுக்குக் கை நடுங்கி, நெத்தியெல்லாம் வேர்த்து, பேச்சுக் குழறிருச்சு. விரல்ல குத்திப் பார்த்தா 62. கேன்டீனுக்கு ஓடி, மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடிக்க வெச்சேன். கால் மணி நேரம் கழிச்சு 94 வந்த பின்னாடிதான் எனக்கு உயிரே வந்துச்சு. கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரையை இறக்கற மாத்திரையைப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா இப்படித்தான் இறங்கும்.

இதுல கொடுமை, அன்னைக்கு எழுதியிருந்தது ஹெச்பிஏ1சி மட்டும். ரத்தச் சர்க்கரையோட மூணு மாசச் சராசரி பார்க்கற அந்த டெஸ்ட்டுக்கு வெறும் வயிறே வேண்டாம்! என்ன டெஸ்ட்டு, மாத்திரை போடலாமான்னு டாக்டர்கிட்டயே கேட்டுட்டுக் கிளம்புங்க.

மறுபடி அலைஞ்சு வாங்கின சீட்டுல ஓட்ஸ், பிரவுன் பிரெட், ஆலிவ் எண்ணெய். "ஏங்கண்ணு, நம்மூட்டுச் சோறு ஒண்ணுகூட இதுல இல்லையே"ன்னாங்க அம்மா. கேட்டதுக்கு, "எல்லாருக்கும் இதே சீட்டுத்தாங்க." எனக்கு இன்னும் ஆறலை.

வழி சொன்னது எங்கூர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சிஸ்டர். ஒரு வாரம் அம்மா சாப்பிட்டதை அப்படியே எழுதிட்டு வரச் சொல்லி, அதுலயே திருத்திக் குடுத்தாங்க. தட்டுல பாதி காய், கால்வாசி பயிறோ முட்டையோ, மிச்சம் கால்வாசிதான் சோறு. அரிசிம்பருப்பை நிறுத்தவே இல்லை. அரிசியைக் குறைச்சு, பருப்பைக் கூட்டி, பக்கத்துல கிண்ணம் நிறையப் புடலங்காய்ப் பொரியல். ராத்திரிக்குக் கொள்ளு, இல்லாட்டித் தட்டப்பயிறு கடைஞ்சது. ராகிக்களி நல்லதுன்னு ரெண்டு உருண்டை வெச்சராதீங்க, அதுவும் மாவுச்சத்துதான். நாட்டுச்சர்க்கரை ஒண்ணும் பண்ணாதுன்னு சொந்தக்காரங்க சொல்லுவாங்க. பண்ணும்.

அரிசிம்பருப்பு சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 168! பெரும்பாலானவங்களுக்கு 180க்குள்ள இருந்தா நல்லதுங்கறாங்க. அம்மா சர்க்கரை பார்க்கற அந்த மிஷினை எதிர்வீட்டு அக்கா வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிட்டு வந்தாங்க. எழுதி வெச்ச நோட்டைப் பார்த்துட்டு டாக்டர் மாத்திரை அளவையும் குறைச்சாரு. சர்க்கரை இறங்கிருச்சேன்னு நீங்களா மட்டும் மாத்திரையில கை வெச்சராதீங்க.