மாடுகள் மலையேறும் மாதம்

மே 11
பிரான்சின் ஓப்ராக் மலைப்பகுதியிலுள்ள எங்கள் ஊரில், கடைசி உறைபனி விழும் என்று அஞ்சப்படும் பனிப் புனிதர்களின் மூன்று நாள்கள் இன்று தொடங்குகின்றன. 13ஆம் தேதி கழியும்வரை தக்காளி நாற்றை வெளியே நடக்கூடாது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆண்டுதோறும் வேலிக்கு அப்பாலிருந்து எச்சரிப்பார். இம்முறை நானாகவே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

மே 13
பெரியவர் படுத்திருக்கும் ரோதேஸ் நகர மருத்துவமனையிலிருந்து தகவல் இல்லை.

மே 15
ரொட்டி வண்டி மாதா கோயில் முன் வந்து ஹாரன் அடித்தபோது நாங்கள் ஐந்து பேர்தான் இருந்தோம். ரொட்டிக்கடை மூடிய பிறகு ஊர்ச் செய்தி முழுவதும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் கைமாறுகிறது. பெரியவரின் மாடுகளை யார் மேலே ஓட்டிச் செல்வார்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். அவருடைய இடுப்பெலும்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கோபத்துடன் வீடு திரும்பினேன். இங்கே நலம் விசாரிப்பதே அப்படித்தான் என்பது இரவில்தான் உறைத்தது.

மே 18
எங்கள் தெருவில் 14 வீடுகள். ஒன்பதில் மரச் சன்னல் கதவுகள் விடுமுறைக்கு ஆள்கள் வரும் ஆகஸ்டில் மட்டுமே திறக்கும். பத்தாவதாக அவர் வீடும் சேர்ந்துவிடக்கூடாது என்பதற்காக, பூனைக்குச் சோறு வைக்கப் போகும்போது ஒரு சன்னலையாவது திறந்துவிட்டு வருகிறேன். சதுக்கத்தில் உள்ள 1914–18 போர் நினைவுத்தூணில் இருக்கும் பெயர்களை எண்ணினேன். இன்று இத்தெருவில் வாழ்வோரைவிட அதிகம்.

மே 20
எதிர்வீடு தெரியாத மூடுபனி. லெ புய் நகரிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோவுக்கு நடந்துபோகும் யாத்திரிகர்கள் இத்தகைய நாளில் வழி தவறாதிருக்க, அந்தக் காலத்தில் ஓப்ராக் மடத்துத் துறவியர் இடைவிடாது மணி அடிப்பார்களாம். அதற்கு வழி தவறியோரின் மணி என்றே பெயர் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். மடம் 12ஆம் நூற்றாண்டில் எழுந்தது. சன்னலைத் திறந்தேன்.

மே 22
பெரியவரின் மகள் அழைத்தாள். பெரிய மணியை எந்த மாட்டின் கழுத்தில் கட்டப்போகிறீர்கள் என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வியாம்.

மே 25
புனித உர்பேன் திருநாள். கோதுமை நிற உடலும், மை தீட்டியதுபோன்ற கண்களும், நுனி கறுத்து வளைந்த கொம்புகளுமாக மாடுகள் காகிதப்பூவும் கொடியும் சூடி ஏறிப் போயின. அக்டோபர் 13, புனித ஜெரோ நாள்வரை அவை மேய்ச்சல் மேட்டில்தான் இருக்கும். மூத்த பசுவுக்கே பெரிய மணி. அவர் வீட்டைக் கடக்கையில் அது நின்றது. பின்னால் வந்தவையும் நின்றன. மகளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. விருந்தில் அலிகோ கிளறினார்கள். உருளைக்கிழங்கு மசியலும் பாலாடைக்கட்டியும் கரண்டியிலிருந்து நாடாவாக இழைந்தன. எனக்கு இறங்கவில்லை.

மே 26
நாற்றுகளை நட்டேன். சன்னலைத் திறந்தேன். மாலையில் அழைப்பதாக மகள் சொல்லியிருக்கிறாள்.