பையூட் கணவாய்க்கு அந்தப் பக்கம்

ஜூன் 9, 2023

கலிபோர்னியாவின் ஓவன்ஸ் ஆறு இன்னும் கலங்கல்தான். கரையோரப் புதர்கள் பாதி உடம்பைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு நிற்கின்றன. ஏப்ரல் 1 கணக்குப்படி மாநிலம் முழுக்க மலைப்பனி சராசரியில் 237 சதவீதம். அவ்வளவும் இப்போதுதான் இறங்குகிறது. இந்த வேகத்தில் ட்ரௌட் மீன் நடு ஆற்றில் நிற்காது. பாறைக்குப் பின்னால், புல் மூழ்கிய ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். ஃப்ளை, அதாவது பூச்சி மாதிரி கட்டிய தூண்டில் முள், எறிய இடமே இல்லை.

மேல் ஏரிகளுக்குப் போகும் பையூட் கணவாயைப் பற்றி தூண்டில் கடையில் கேட்டேன். ஜூலை கடைசி வரை நினைக்கவே வேண்டாம் என்றார்கள்.

ஜூன் 13

கணவருக்குப் புற்றுநோய் மருந்து ஏற்ற ரீனோ. மிச்ச மருந்து ஏறும் பம்பை அவர் இடுப்பில் கட்டிக்கொண்டு திரும்பினோம்.

ஜூன் 14

ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் கம்பளிக் கையுறையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அப்படியும் இவர் மறந்துபோய் வெறுங்கையால் தயிர்க் கிண்ணத்தை எடுத்துவிட்டார். கிண்ணம் தரையில். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற அந்த மருந்து ஏறிய பிறகு சில நாட்களுக்கு ஜில்லென்று எது பட்டாலும் விரலில் சுருக்கென்று மின்சாரம் ஓடுகிறது. குடிக்கிற தண்ணீரும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டை இறுகுகிறது. போகப் போகக் குறையும், ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மிச்சம் தங்கும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார்.

மேல் ஏரிகளின் தண்ணீர் பனி உடைந்த புதிதில் நாலைந்து டிகிரிதான் இருக்கும். மீனைத் தொடும் முன் கையை அதில் நனைத்தே ஆக வேண்டும். உலர்ந்த கை பட்டால் மேலிருக்கும் வழுவழுப்பு போய்விடும், அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான்.

ஜூன் 18

தூக்கமில்லை.

ஜூன் 21

இன்று மேஜையில் உட்கார்ந்து எறும்பு ஃப்ளை கட்டினார். 16ஆம் எண் முள். எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டு, கறுப்பு நூலைச் சுற்றிச் சுற்றிப் பின்னால் ஓர் உருண்டை, முன்னால் அதைவிடச் சின்னதாக ஒன்று, நடுவில் இடுப்பு. இடுப்பில் சேவலின் கழுத்து இறகை மூன்று சுற்று. அவ்வளவுதான் எறும்பு. விரல் நுனியில் உணர்ச்சி குறைவாக இருப்பதால் எவ்வளவு இழுக்கிறோம் என்று தெரிவதில்லை, நூல் அறுந்துவிடுகிறது. பேசாமல் மறுபடி ஆரம்பித்தார். நான் கட்டித் தருகிறேன் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

மேலே எறும்புதான் எடுபடும். அந்த உயரத்தில் ஏரிக்குள்ளேயே விளைகிற பூச்சி கொஞ்சம். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் காற்று எறும்பையும் வண்டையும் தூக்கிக்கொண்டு வந்து தண்ணீரில் போடும். வருஷத்தில் சில மாதம்தான் மேலே திறந்த தண்ணீர். அதற்குள் மீன் முட்டையிட்டு, தின்று, அடுத்த குளிருக்குத் தயாராக வேண்டும்.

ஜூன் 27

வெள்ளை அணு போதவில்லை. மருந்து ஏற்றாமல் அனுப்பிவிட்டார்கள். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். கான்வே மேட்டில் வண்டியை நிறுத்தினோம். கீழே மோனோ ஏரி, மேற்கே மலை முழுக்க வெள்ளை. "இந்த வருஷம் உடையாது போலிருக்கே" என்றார். மேல் ஏரிகளின் பனியைத்தான் சொன்னார்.

ஜூலை 3

தவளை விஷயம் திரும்பவும் மண்டையைக் குடைகிறது.

சியரா நெவாடா மலைத்தொடரின் உயர ஏரிகளில் ஆதியில் ஏறக்குறைய எதிலும் மீன் கிடையாது. பனியாறுகள் குடைந்த பள்ளங்கள் அவை. கீழிருந்து வருகிற மீனை அருவிகள் தடுத்துவிட்டன. கோல்டன் ட்ரௌட்டுக்கு சொந்த ஊர் தெற்கே, கெர்ன் ஆற்றின் தென்கிளையும் கோல்டன் ட்ரௌட் க்ரீக்கும்தான். 1876இல் ஷெர்மன் ஸ்டீவன்ஸ் என்பவர் மல்கி ஓடையிலிருந்து சில மீன்களைக் காபிப் பாத்திரத்தில் போட்டு காட்டன்வுட் ஓடைக்குக் கொண்டுபோய் விட்டார். அப்புறம் கோவேறு கழுதைகளின் முதுகில் தகர டின்களில். 1950களில் விமானத்திலிருந்தே குஞ்சுகளை ஏரிகளில் கொட்டினார்கள். 1947 முதல் அதுதான் கலிபோர்னியாவின் மாநில மீன்.

அந்த ஏரிகளில் ஏற்கெனவே குடியிருந்தது மஞ்சள் கால் தவளை. அதன் தலைப்பிரட்டை தவளையாக இரண்டு மூன்று குளிர்காலம் ஆகும். அதுவரை அடிவரை உறையாத ஆழமான ஏரி வேண்டும். ட்ரௌட்டுக்கும் வேண்டியது அதே ஏரி. தலைப்பிரட்டையை அது விட்டுவைக்காது. பிறகு பூஞ்சை நோயும் வந்து சேர்ந்தது. 2014இல் அழியும் நிலையில் உள்ள உயிரினம் என்று பட்டியலில் போட்டார்கள். செக்கோயா, கிங்ஸ் கேன்யன் பூங்காக்களில் சில ஏரிகளில் வலை போட்டு ட்ரௌட்டை முழுக்க எடுத்திருக்கிறார்கள். எடுத்த இடங்களில் தவளை பெருகியது.

எடுக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன். தவளை இன்னும் மிச்சமிருக்கிற ஏரியில் மீன் இருக்கக் கூடாது. இவரிடம் சொன்னால், "மீன் என்ன பாவம் பண்ணுச்சு? அதுவா ஏறி வந்துச்சு?" என்கிறார். அதுவும் சரிதான். ஆனால் தவளையும் ஒரு பாவமும் பண்ணவில்லையே. பாதி ராத்திரி வரை இதையே பேசிக்கொண்டிருந்தோம். வேறு எதையும் பேசவில்லை.

ஜூலை 5

ஏற்றினார்கள்.

ஜூலை 8

அத்தை போனில்: "ஏம்மா, பிடிச்ச மீனைத் திரும்ப விடறதுக்கா அத்தனை மலை ஏறணும்?" ஆமாம் அத்தை, அதற்குத்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அவன் சாப்பிடறானா?" என்று கேட்டார்.

சாப்பிடுகிறார். ரசம் சாதம், சூடாக.

ஜூலை 22

மலையைக் கடக்கும் டயோகா சாலையை இன்றுதான் திறந்தார்கள். ஜூலை 22!

ஜூலை 29

பையூட் ஏரி வரை போய்வந்தேன். லாக் லெவன் ஏரியில் பனியே இல்லை. பையூட் ஏரியின் நிழல் பக்கம் மட்டும் ஒரு வெள்ளைத் தகடு கரையோடு ஒட்டியிருக்கிறது. கொசு கண்ணைத் திறக்கவிடவில்லை. ப்ரூக் ட்ரௌட் ஒன்று கிடைத்தது, மெலிந்து, தலை மட்டும் பெரிதாக. கணவாயிலிருந்து இறங்கிவந்த ஒரு பெண், மறுபக்கம் ஏரிகள் திறந்துவிட்டன என்றார். இவரிடம் சொன்னதும் முதலில் கேட்டது, "தண்ணி எத்தனை டிகிரி?"

ஆகஸ்ட் 2

நேற்று ரீனோ. இன்று சோர்வு, வாய்ப்புண். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வருகிறது, யார் மேல் என்று தெரியவில்லை. மலைக்கு அனுமதிச்சீட்டு வாங்கியதை ரத்து செய்துவிடலாமா என்று கேட்டேன். "செஞ்சா நான் உன்கூடப் பேச மாட்டேன்" என்றார்.

ஆகஸ்ட் 12

மகன் வந்து அப்பாவோடு இருந்தான். நான் நேற்று விடிவதற்கு முன் நார்த் லேக்கிலிருந்து ஏறினேன். கணவாய் 11,423 அடி. உச்சிக்குக் கீழே வழியில் இன்னும் பனி, கம்பை ஊன்றி ஊன்றிக் கடந்தேன். அந்தப் பக்கம் ஹம்ஃப்ரீஸ் பேசின் என்ற அகன்ற பள்ளம் மரமில்லாமல் விரிந்து கிடக்கிறது. எங்கே பார்த்தாலும் ஓடை சத்தம். கோல்டன் ட்ரௌட் ஏரிகளுக்கு இறங்கும்போது மதியம் ஆகிவிட்டது.

எறியாமல் முதலில் உட்கார்ந்து பார்த்தேன். கரையிலிருந்து ஒரு கையெட்டில் ஆழமில்லாத பாறைத் திட்டு, அதன் விளிம்பை ஒட்டி ஒரு மீன் ரோந்து வந்துகொண்டிருந்தது. போகும், ஒரு பெரிய கல் வரை போய்த் திரும்பும், அதே வழியில் வரும். அது முதுகைக் காட்டிப் போகும்போது இவர் கட்டிய எறும்பை நாலடி முன்னால் போட்டுவிட்டு அசையாமல் இருந்தேன். தூண்டில் நரம்பின் நிழல் அடியில் தெரிந்தது. மீன் திரும்பி வந்தது, எறும்புக்குக் கீழே நின்றது, வெள்ளையாக வாயைத் திறந்து மூடியது. உடனே இழுக்கக் கூடாது. அது தலையைத் தாழ்த்தும் வரை காத்திருந்து கம்பைத் தூக்கினேன்.

ஒரு சாண் மீன். முதுகு ஆலிவ் பச்சை, பக்கம் பொன், வயிறு குங்குமச் சிவப்பு. மற்ற ட்ரௌட்டுகளுக்குக் குஞ்சில் இருக்கிற கரும் நீள்வட்டப் புள்ளிகள் வளர வளர மறையும், இதற்கு வளர்ந்தும் அப்படியே இருக்கிறது. பக்கவாட்டில் வரிசையாக எண்ணலாம். துடுப்பின் நுனியில் வெள்ளை. தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றினேன். என் கையே மரத்துப்போயிற்று.

9 டிகிரி. ஏரியின் வெளிவாய் வரை ஓரமாக நடந்து பார்த்தேன், தலைப்பிரட்டை ஒன்றுகூட இல்லை.

ஆகஸ்ட் 13

எல்லாவற்றையும் கேட்டார். காற்று எந்தப் பக்கம், எறும்பு மிதந்ததா மூழ்கியதா, மீன் எந்தக் கண்ணால் பார்த்தது. போட்டோவைக் காட்டினேன், ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனை வைத்துவிட்டார். "அந்தக் கல்லு வரைக்கும் போய்த் திரும்புச்சுன்னியே, அதை இன்னொரு தடவை சொல்லு."

ஆகஸ்ட் 15

இந்தத் தடவை மருந்து இல்லை. முதலில் ஸ்கேன், அப்புறம்தான் மற்றதெல்லாம். ஸ்கேன் 22, செவ்வாய்.

ஆகஸ்ட் 16

ஒன்றுமில்லை. வெயில்.

ஆகஸ்ட் 19

ஹிலரி புயல் வருகிறதாம். தெற்கு கலிபோர்னியாவுக்கு வெப்பமண்டலப் புயல் எச்சரிக்கை கொடுப்பது இதுதான் முதல்முறை. நாளை இந்தப் பள்ளத்தாக்கிலும் கொட்டும் என்கிறார்கள். 395ஆம் நெடுஞ்சாலையில் எங்காவது மண் சரிந்தால் செவ்வாய்க்கிழமை போய்ச் சேர முடியாது. அதனால் இன்றே கிளம்புகிறோம், நள்ளிரவுக்குள் ரீனோ. திங்கள் வரை சும்மாதானே, மழை விட்டால் ட்ரக்கி ஆற்றில் கொஞ்ச நேரம் நிற்கலாமா என்று கேட்கிறார். கை இப்போது பரவாயில்லையாம். குழாய்த் தண்ணீரில் வைத்துக் காட்டினார். கம்பு, தண்ணீரில் இறங்கப் போடும் வேடர் கால்சட்டை எல்லாம் வண்டியில் ஏற்றியாகிவிட்டது. காப்பீட்டுக்காரர்களிடமிருந்து ஸ்கேனுக்கான ஒப்புதல் மட்டும் இன்னும் வரவில்லை. திங்கள் காலை எட்டு மணிக்கு முதல் வேலையாகக் கூப்பிட வேண்டும்.