எச்7 பலி, ஒருவழியாகப் பலித்தது

நேற்று ராத்திரி லிசெஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் 10 நிமிட ஆட்டம். எதிராளி ராஜா பக்கம் எச்7 கட்டத்துச் சிப்பாயை அடித்து மந்திரியைப் பலி கொடுத்தேன். அதையும் சேர்த்து எட்டாவது நகர்வில் மேட். மூன்று மாதமாக இதே பலியைக் கொடுத்துத் தோற்றுக்கொண்டிருந்தவனுக்கு இது தீபாவளி.

வெள்ளையில் நான் கோலே ஆட்டம் என்ற தொடக்க முறை மட்டும்தான் ஆடுவேன். முதல் ஒரு மாதம் அவசரத்திலேயே போச்சு. கறுப்புக் குதிரை எஃப்6-இல் இருக்கும்போதே மந்திரியைப் போட்டால் அதுவே தின்றுவிடும். ஈ5-க்குச் சிப்பாயைத் தள்ளி, அந்தக் குதிரையை டி7-க்கு விரட்டிய பிறகுதான் வேளை வருகிறது. கறுப்பு மந்திரி ஈ7-இல் இருந்தாலும் யோசிக்கணும், ஜி5-க்கு வரும் நம் குதிரையை அடித்துவிடும்.

ஆனால் என்னை ரொம்பப் படுத்தியது அதற்கு அப்புறம் வரும் இடம். ராஜா எச்7-இல் அடிக்கிறார், குதிரை ஜி5 செக், ராஜா ஜி8, ராணி எச்5, யானை ஈ8. இங்கே ராணியை எடுத்த கை தானாக எச்7-க்குப் போகும். போகக் கூடாது! செக் மேல் செக் கொடுத்து ராஜாவை ஈ7 வரை விரட்டி, ஜி7 சிப்பாயை அடித்தால் அது செக்கே இல்லை; நடுவில் எஃப்7 சிப்பாய் மறிக்கிறது. எதிராளிக்கு ஒரு நகர்வு ஓசி. ஒரு காய் கொடுத்தவன் கதை அவ்வளவுதான். முதலில் ராணியால் எஃப்7-ஐ அடித்துச் செக், ராஜா எச்8, ராணி திரும்ப எச்5, பிறகுதான் எச்7, எச்8. இப்போது ஜி7-இல் அடித்தால் மேட். அந்த ஒரு சிப்பாயைக் கவனிக்காமல் எத்தனை ஆட்டம் போச்சு என்று எண்ணவே இல்லை.

இதையெல்லாம் திரையில் பார்த்தால் மண்டையில் ஏறாது. சுருட்டி வைக்கிற வினைல் பலகையும் எடை வைத்த காய்களும் வாங்கினேன். பலகை அருமை. காய்களில் ஒரு குதிரைக்கு இரண்டே வாரத்தில் அடி கழன்றுவிட்டது, கடைக்காரர் பசை போட்டுக்கொள்ளச் சொல்கிறார். போட்டேன், சாய்ந்துதான் நிற்கிறது.

ராஜா ஜி8-க்குத் திரும்பாமல் ஜி6-க்கு ஏறி வந்தால் எனக்கு இன்னும் பதில் தெரியாது. 1930-இல் பிரான்சின் நீஸ் நகரில், இந்த முறைக்குப் பெயர் தந்த வீரர் கோலே ஓ'ஹன்லன் என்ற வீரரோடு ஆடியபோது இதே நிலைதான். கோலே அலட்டாமல் எச்4-க்குச் சிப்பாயைத் தள்ளினார். ஏன் ராணியைக் கொண்டுவரவில்லை? ஞாயிற்றுக்கிழமை அந்த ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பார்க்கணும், சாய்ந்த குதிரையோடுதான்.