தமிழ்நாட்டு மக்கள் எந்த அளவு ஊர்களில் வாழ்கிறார்கள்? கணக்கிட்டுப் பார்த்த அனுபவம்

"தமிழ்நாட்டில் பாதிப் பேர் நகரத்தில் வாழ்கிறார்கள்" என்ற வாக்கியம் எண்ணளவில் சரியானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 7,21,47,030 பேரில் 3,49,17,440 பேர், அதாவது 48.4 விழுக்காட்டினர், நகர்ப்புறத்தில் இருந்தார்கள். ஆனால் நடமாடும் கண் பரிசோதனை முகாம் நடத்தும் சிறு தொண்டுக் குழு ஒன்று, எந்த அளவு ஊர்களுக்கு வண்டியை அனுப்பினால் மருத்துவ வசதி எட்டாதவர்களை அதிகமாகச் சென்றடையலாம் என்று என்னிடம் கேட்டபோது, இந்த வாக்கியம் சிறிதும் உதவவில்லை. மயிலாப்பூரும் ஆறாயிரம் பேர் வாழும் பேரூராட்சியும் அதில் ஒரே பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. ஊர்களை அளவு வாரியாக அடுக்கி, ஒவ்வோர் அடுக்கிலும் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டியிருந்தது. அதைச் செய்து முடித்த விதத்தை எழுதி வைக்கிறேன். மாவட்ட அளவில் இத்தகைய வேலையைத் தொடங்குபவர்களுக்கு இது பயன்படும்.

தரவு கிடைப்பது கடினமில்லை. கணக்கெடுப்புத் துறையின் தளத்தில் முதன்மைச் சுருக்கம் எக்செல் கோப்பாகவே இருக்கிறது. மாநிலம், மாவட்டம், வட்டம், கிராமம், நகரம், வார்டு எல்லாம் ஒரே தாளில் அடுத்தடுத்த வரிகளாக வருகின்றன. மாவட்டத்தின் மொத்தமும் அதன் கிராமங்களும் ஒன்றாகவே இருப்பதால், 'லெவல்' என்ற பத்தியில் கிராமத்தையும் நகரத்தையும் மட்டும் வடிகட்டிக்கொண்ட பிறகே கூட்ட வேண்டும். கூட்டிய தொகை 7,21,47,030 என்று வந்தால்தான் அடுத்த படிக்குப் போகலாம். ஏ-3 அட்டவணை கிராமங்களை அளவு வாரியாகவும், ஏ-4 அட்டவணை நகரங்களை அளவு வாரியாகவும் ஏற்கெனவே தொகுத்துத் தருகின்றன. அவற்றை நான் சரிபார்க்க மட்டுமே பயன்படுத்தினேன். தனித்தனி ஊர்களின் பட்டியல் கையில் இருந்தால்தான் எல்லைகளை மாற்றிப் போட்டுப் பார்க்க முடியும்.

இந்த வேலையின் சாரமே எல்லையில்தான் இருக்கிறது. ஊர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை நாம் எப்படி வைத்துக்கொள்கிறோமோ, அப்படியே விடையும் மாறிவிடுகிறது.

முதலில் மாநகராட்சி, நகராட்சி எல்லைகளை அப்படியே எடுத்துக்கொண்டேன். சென்னை 46.5 லட்சம், கோவை 10.5, மதுரை 10.2, திருச்சி 8.5, சேலம் 8.3 என்று பட்டியல் இறங்கியது. அதில் 4.66 லட்சத்தோடு திருப்பூருக்கு மேலே நிற்கிறது அம்பத்தூர். சென்னையின் புறநகர் ரயிலில் தினமும் போய்வருபவர் யாரும் அம்பத்தூரைத் தனி நகரம் என்று சொல்லமாட்டார். 2011 பிப்ரவரியில் கணக்கெடுத்தபோது அது தனி நகராட்சி. அதே ஆண்டு அக்டோபரில் சென்னையோடு இணைந்தது. எட்டு மாதம் தள்ளிக் கணக்கெடுத்திருந்தால் பட்டியலின் முகமே வேறாக இருந்திருக்கும்.

அடுத்து நகர்ப்புறத் திரள்களை எடுத்தேன். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட நகரங்களையும் அவற்றின் எல்லைக்கு வெளியே ஒட்டி வளர்ந்த பகுதிகளையும் கணக்கெடுப்புத் துறையே சேர்த்துத் தரும் தொகுப்பு அது. இப்போது சென்னை 86.5 லட்சமாகிவிட்டது. கோவை 21.4, மதுரை 14.7, திருச்சி 10.2, திருப்பூர் 9.6, சேலம் 9.2.

இங்கே சற்று நிற்க வேண்டும். நகரங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால், இரண்டாவது நகரம் முதலாவதில் பாதியும் மூன்றாவது மூன்றில் ஒரு பங்குமாக இருக்கும் என்று ஒரு பழைய விதி உண்டு. ஜெர்மானியரான அவுர்பாக் 1913இல் கவனித்துச் சொன்னது, பிறகு அமெரிக்கரான ஜிப்பின் பெயரால் புகழ்பெற்றது. அந்தக் கணக்குப்படி கோவை 43 லட்சமாக இருக்க வேண்டும். இருப்பது அதில் பாதி. ஆனால் சென்னையை விட்டுவிட்டு, கோவையை இரண்டாமிடத்திலேயே நிறுத்தி அதையே ஆதாரமாக வைத்துப் பாருங்கள். மூன்றாமிடத்துக்கு விதி சொல்வது 14.2 லட்சம், மதுரை 14.7. நான்காமிடத்துக்கு 10.7, திருச்சி 10.2. அடுத்து வரும் திருப்பூரும் சேலமும் விதி சொல்வதற்கும் மேலேயே நிற்கின்றன. ஆக, சென்னையின் தலை பெருத்திருக்கிறது என்பது உண்மை. அதனால் மற்ற ஊர்கள் வற்றிப்போய்விட்டன என்பது உண்மையல்ல. பத்து லட்சத்தைத் தாண்டிய நான்கு திரள்களிலும் சேர்த்து 1.33 கோடிப் பேர். இது தமிழ்நாட்டு நகர மக்களில் 38 விழுக்காடு. இந்தியா முழுவதற்கும் இதே கணக்கு சுமார் 43 விழுக்காடு. சென்னை இருந்தும் நாம் தேசிய அளவைவிடக் குறைவாகவே பெருநகரங்களில் குவிந்திருக்கிறோம் என்பது எனக்குப் பெருத்த மகிழ்ச்சியைத் தந்த எண்.

மீதிப் பேர் எங்கே? நடுத்தர ஊர்களில். தமிழ்நாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று இந்தப் பட்டியலோடு பழகிய பிறகு உறுதியாக நம்புகிறேன். வாரச் சந்தை, பஸ் நிலையம், மேல்நிலைப்பள்ளி, இரண்டு மருந்துக்கடை, ஒரு வங்கிக் கிளை கொண்ட ஊர். சுற்றியுள்ள பல கிராமங்களின் தேவை அங்கே வந்து தீரும். அரசாங்கத்துக்கோ இவற்றை எந்தப் பெட்டியில் போடுவது என்பதே சிக்கல். 2004இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றினார்கள், 2006இல் திரும்பப் பேரூராட்சிகளாக்கினார்கள். ஊரும் மக்களும் அப்படியே இருக்க, பெயர்ப்பலகை மட்டும் இரண்டு முறை மாறியது. கோப்புகளை ஆண்டு வாரியாக ஒப்பிடும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளாவிட்டால், நகரமயமாதல் திடீரெனப் பின்வாங்கியது போன்ற தோற்றம் கிடைக்கும்.

இன்னொரு சிக்கல் கணக்கெடுப்பு நகரங்கள். குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி, முதன்மைத் தொழிலாளர்களான ஆண்களில் 75 விழுக்காட்டினர் வேளாண்மைக்கு வெளியே. இந்த மூன்றும் இருந்தால் ஊராட்சியாக இருந்தாலும் கணக்கெடுப்பில் அது நகரம். 2001இல் தமிழ்நாட்டில் இவை 111, 2011இல் 376. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போன்ற சட்டப்படியான நகரங்கள் இரண்டு முறையும் 721தான். அதாவது அந்தப் பத்தாண்டில் புதிதாக முளைத்த நகரங்கள் எல்லாம் ஊராட்சிகளாகவே நிர்வகிக்கப்பட்டவை. நெருக்கமான தெருக்களும் நிறைந்த சாக்கடைகளும் நகரத்துடையவை, நிதியும் ஆட்களும் கிராமத்துடையவை. என் அட்டவணையில் இவற்றுக்குத் தனி நிறம் கொடுத்தேன். முகாம் நடத்தத் தேர்ந்தெடுத்த முதல் தொகுதி ஊர்களில் இவற்றுக்கே முன்னுரிமை தரச் சொன்னேன்.

கிராமங்கள் பக்கம் வந்தால், மக்கள் வாழும் வருவாய்க் கிராமங்கள் சுமார் 15 ஆயிரம். சராசரியாக ஒரு கிராமத்துக்கு ஏறக்குறைய 2,500 பேர். இதே சராசரி கேரளத்தில் சுமார் 17 ஆயிரம், உத்தராகண்டில் 450 அளவில். மலைச்சரிவில் பிய்ந்து கிடக்கும் ஊர்களும் கடற்கரையிலிருந்து மலையடிவாரம்வரை இடைவெளியின்றித் தொடரும் வீடுகளும் இந்த இரண்டு எண்களிலும் தெரிகின்றன. ஆனால் சராசரியோடு நிறுத்தக் கூடாது. கிராமங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி மக்கள்தொகையைக் கூட்டிக்கொண்டே வந்தேன். பட்டியலின் நடுவைக் கடந்த பிறகும் மக்களில் பாதி சேரவில்லை. அந்தப் பாதி நிறையும் இடத்தில் இருந்த கிராமம் சராசரியைவிட நன்றாகவே பெரியது. சராசரிக் கிராமத்தையும், கிராமத்தில் வாழும் ஒருவர் சாதாரணமாகப் பார்க்கும் கிராமத்தையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். வண்டியை அனுப்புகிறவர்களுக்குத் தேவை இரண்டாவது எண்.

அதிலும் வருவாய்க் கிராமம் என்பது நிலவரிக்காக வரைந்த எல்லை. உள்ளே பல குக்கிராமங்கள் இருக்கும். ஊரக வளர்ச்சித் துறையின் கணக்கில் தமிழ்நாட்டின் குக்கிராமங்கள் சுமார் 79 ஆயிரம். காவிரிப் படுகையில் வாய்க்கால் கரையோரம் ஒரு தெரு, வயலைத் தாண்டிக் காலனி, இன்னும் தள்ளி மற்றொரு தெரு என்று கூட்டங்கூட்டமாக இருக்கும். கொங்குப் பகுதியில் ஆளாளுக்குத் தோட்டத்துச் சாளையிலேயே, அதாவது தோட்டத்து வீட்டிலேயே, குடியிருப்பதால், ஊர் என்று வரைபடத்தில் காட்டும் இடத்தில் கோயிலும் சில வீடுகளும் கடையும்தான் இருக்கும். தாளில் இரண்டும் 2,500 பேர் கொண்ட கிராமங்களே. குக்கிராமப் பட்டியலுக்காக ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் கேட்டபோது, பல இடங்களில் ஊராட்சிச் செயலர்கள் தொட்டி வாரியாகக் குடிநீர் இணைப்புகளைச் சொல்லியே குடியிருப்புகளின் அளவை விளக்கினார்கள். நான் பார்த்த எந்த அட்டவணையையும்விட அது நம்பகமாக இருந்தது.

நிர்வாக எல்லையே வேண்டாம் என்றால் வேறு வழியும் உண்டு. நிலப்பரப்பை ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்குக் குறையாத கட்டங்கள் ஒட்டி நின்று 5,000 பேரைத் தொட்டால் நகர்ப்புறக் கொத்து என்றும், 1,500 பேர் அடர்த்தியோடு 50,000 பேர் இருந்தால் நகர மையம் என்றும் கொள்ளும் முறையை 2020இல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஏற்றது. நாடுகளை ஒப்பிட நல்ல முறை. ஆனால் தமிழ்நாட்டின் சராசரி அடர்த்தியே 555. நெல் வயலும் தென்னந்தோப்புமான பகுதிகள்கூட இந்த அளவுகோலில் நகர்ப்புறமாகிவிடும். அதனால் பெரிய நகரங்களின் உண்மையான விளிம்பைக் காண மட்டும் இதை வைத்துக்கொண்டேன்.

கடைசியில் குழுவுக்குக் கொடுத்தது மூன்று பகுதிகள் கொண்ட பட்டியல். பெரிய நகரங்களுக்குத் திரள் எல்லை, நடுவில் பேரூராட்சிகளும் கணக்கெடுப்பு நகரங்களும் தனித்தனியாக, கீழே குக்கிராம அளவில் தொகுத்த கிராமங்கள். சந்தை கூடும் நாளில் பேரூராட்சியிலும் மற்ற நாட்களில் கணக்கெடுப்பு நகரங்களிலும் வண்டி நிற்கட்டும் என்று முடிவானது.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப் போயிருக்கிறது. 2011இல் 32 மாவட்டங்கள், இப்போது 38. நகராட்சிகள் பல மாநகராட்சிகளாகிவிட்டன, ஊராட்சிகள் நகரங்களோடு இணைந்திருக்கின்றன. அதனால் 2011இன் ஊர்க் குறியீட்டெண்களுக்கு எதிரே இன்றைய மாவட்டம், வட்டம், உள்ளாட்சி ஆகியவற்றை எழுதும் அட்டவணை ஒன்றை இப்போதே தயாரித்துவருகிறேன். கொங்கு மாவட்டங்கள் முடிந்துவிட்டன, டெல்டா மாவட்டங்கள் நடந்துகொண்டிருக்கின்றன.