கணியம் தெரிந்த பையனுக்கு வடிவியல்

மீன்பிடிக்கப் போகும்போது பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க நினைப்பவர் வள்ளத்தில் இருக்கும்வரை பாடத்தைப் பற்றிப் பேசவே கூடாது. ஆசிரியராக இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வலை இறங்கும்போது "இது எத்தனை டிகிரி?" என்று கேட்டால் பிள்ளைக்குக் கடலும் கசந்துபோகும், கணக்கும் கசந்துபோகும். அங்கே பிள்ளை சொல்லட்டும், நாம் கேட்போம். பாடத்தைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் நடுநிலைப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். கணக்கும் அறிவியலும் என் பாடங்கள். ஏழாம் வகுப்பில் கோடுகளும் கோணங்களும் நடத்தினால் ஜன்னல் பக்கம் திரும்பிவிடும் பையன் ஒருவன் இருந்தான். சனிக்கிழமைகளில் அவன் அப்பாவோடு தூண்டிலுக்குப் போவான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. அப்பாவிடம் கேட்டு, உயிர்காப்புச் சட்டை எல்லோருக்கும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நானும் ஒரு சனிக்கிழமை அவர்களோடு கிளம்பினேன்.

கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் அப்பா எஞ்சினை மெதுவாக்கி, "லே மக்கா, பாரு எங்க இருக்குன்னு சாருக்குக் காட்டிக் குடு" என்றார். பார் என்பது கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டு. கலவா மாதிரி மீன்கள் அங்கேதான் கிடைக்கும். மேலே எல்லாப் பக்கமும் ஒரே தண்ணீர். பையன் எழுந்து நின்று கரையைப் பார்த்தான். கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னால் மலையின் ஒரு முகடு வர வேண்டும். கிழக்கே குருசடிக்கு, அதாவது சிலுவை நட்ட சிறு வழிபாட்டிடத்துக்கு, பின்னால் முட்டம் கலங்கரை விளக்கம் வர வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒத்து நிற்கும் இடம்தான் பார். இதற்குப் பெயர் கணியம். "அப்பா, இன்னும் இத்திரி கெழக்க" என்றான். வள்ளம் நகர்ந்தது. "போதும்" என்றான். ஈயம் கட்டிய கயிற்றை இறக்கினார்கள். பாறை தட்டியது.

அப்புறம் அவனாகவே சொன்னான்: "சார், ரெண்டு கணியமும் பக்கத்துல பக்கத்துல இருந்தா சரிவராது. ஒண்ணு மலைப்பக்கம், ஒண்ணு கெழக்கன்னு இருக்கணும்."

நிலஅளவை படித்தவர்கள் சொல்கிற விஷயம் இது. இரண்டு கோடுகள் செங்கோணத்துக்கு அருகில் வெட்டினால் வெட்டும் புள்ளி துல்லியமாகக் கிடைக்கும். குறுங்கோணத்தில் வெட்டினால், பார்வையில் சிறு பிசகு வந்தாலே புள்ளி எங்கேயோ நகர்ந்துவிடும். இதைத் தெரிந்து வைத்திருக்கும் பையன்தான் என் வகுப்பில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வள்ளத்தில் நான் "அப்படியா" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

திங்கட்கிழமை பள்ளி மைதானத்தில் கம்புகளை இரண்டிரண்டாக நட்டோம். இரண்டு ஜோடியும் ஒருசேர ஒத்து நிற்கும் இடத்தைப் பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் செங்கோணமாக நட்டதில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். அடுத்து இருபது டிகிரி அளவில் நட்டோம். பிள்ளைகள் நீளமாகச் சிதறி நின்றார்கள், "நான் நிக்குறதுதான் சரி" என்று சண்டை வேறு. ஏன் சிதறினார்கள் என்று அந்தப் பையன்தான் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டினான். வெட்டும் கோடுகள், குறுங்கோணம் என்ற சொற்களை அதன் பிறகே எழுதினேன்.

ஆழத்தை இங்கே பாகத்தில் சொல்வார்கள். இரண்டு கைகளையும் விரித்துக் கயிற்றைப் பிடித்தால் ஒரு பாகம், கிட்டத்தட்ட ஆறடி. அன்றைக்கு அப்பா பிடித்தபோது பன்னிரண்டு பாகம். அதே கயிற்றைப் பையன் அளந்தால் பதினான்கையும் தாண்டியது. கயிறு ஒன்றுதான், ஆழமும் ஒன்றுதான், கைதான் வேறு. கைவிரிப்பு ஏறக்குறைய அவரவர் உயரம் இருக்கும் என்பதால் வகுப்பில் எல்லோரையும் சுவரில் சாய்த்து அளந்தோம். அப்பாவின் 168 சென்டிமீட்டரில் பன்னிரண்டு பாகம் என்றால் இருபது மீட்டருக்குக் கொஞ்சம் மேல். எல்லோருக்கும் பொதுவான அலகு எதற்கு என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிட்டது. விகிதக் கணக்கும் கூடவே வந்தது.

அந்த ஆழத்திலிருந்து ஏறிய கலவாவின் வயிறு வாய் வழியாகப் பிதுங்கியிருந்தது. இருபது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல் மட்டத்தைப்போல மூன்று மடங்கு. மேலே இழுக்கும்போது மீனுக்குள் இருக்கும் காற்றுப்பை விரிந்து வயிற்றை வெளியே தள்ளுகிறது. சிறிய பலூனைச் சிரிஞ்சுக்குள் போட்டு, முனையை விரலால் அடைத்துத் தண்டை இழுத்தால் பலூன் பெரிதாவதைக் கண்ணால் பார்க்கலாம். சுறாவுக்கு ஏன் இப்படி ஆவதில்லை என்று ஒரு பிள்ளை கேட்டது. சுறாவுக்குக் காற்றுப்பையே கிடையாது. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல்தான் அது மிதக்க உதவுகிறது.

புவியியலுக்கு எங்கள் மாவட்டமே போதும். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரையில் இருக்கும் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு கடற்கரை, இரண்டு தடைக்காலம். இதிலிருந்து பருவக்காற்றுக்குப் போய்விடலாம்.

காற்றழுத்தத் தாழ்வு பற்றிய பாடத்தை மட்டும் வேறு மாதிரி நடத்துகிறேன். 2017 நவம்பர் 29 அன்று இலங்கை அருகே தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே குமரிக் கடலில் ஒக்கிப் புயலாகிவிட்டது. ஆழ்கடலில் இருந்த பலர் திரும்பவில்லை. அப்பாவை, மாமாவை இழந்த வீடுகள் எங்கள் தெருக்களில் இருக்கின்றன. இந்தப் பாடத்தில் கடல் அனுபவம் சொல்லும்படி எந்தப் பிள்ளையையும் எழுப்புவதில்லை. எச்சரிக்கையை எப்படிப் படிப்பது, காற்றின் வேகமும் அலை உயரமும் எவ்வளவு இருந்தால் போகக்கூடாது என்பதையே முதன்மையாகச் சொல்லிக்கொடுக்கிறேன்.

பங்குக் கணக்கிலும் கவனம் வேண்டும். விற்ற பணத்தில் எண்ணெய்ச் செலவு போக, வள்ளத்துக்கும் வலைக்கும் ஒரு பங்கு, மீதி ஆட்களுக்கு. பின்னம் கற்பிக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் உண்மையான தொகையைப் பலகையில் எழுதினால் அந்த வீட்டுக் கடனும் சேர்ந்து வெளியே வந்துவிடும். அதனால் தொகையை நானே போட்டுக்கொள்கிறேன்: விற்றது 6,400 ரூபாய், எண்ணெய் 1,900, மீதி 4,500. அதில் மூன்றில் ஒன்று வள்ளத்துக்கு என்றால் மூன்று ஆட்களுக்குத் தலைக்கு எவ்வளவு?

வகுப்பில் பாதிப்பேர் பெண்பிள்ளைகள். எங்கள் ஊரில் அவர்கள் கடலுக்குப் போவதில்லை, ஆகவே கணியமும் பாகமும் அவர்களுக்கு அடுத்தவர் அனுபவம்தான். அவர்களுடைய அம்மாக்கள் விடியுமுன்னே ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, சந்தையில் கூறு கட்டி விற்கிறார்கள். எடுத்த விலை, ஐஸ், வண்டிக்கூலி, கெட்டுப்போகும் மீன் எல்லாவற்றையும் மனக்கணக்காகவே போட்டு ஒரு கூறுக்கு விலை சொல்கிறார்கள். கூட வந்து பார்க்கலாமா என்று ஒரு மாணவியின் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "வாங்க சார், ஆனா மூணரை மணிக்கே வந்திரணும்" என்றார். வருகிற சனிக்கிழமை போகிறேன்.