புகைக்கல்லும் ஓரடி அருவியும்

ஜனவரி 12, பென்னாகரம்

நேற்றிரவு அண்ணனும் நானும் ‘ஹன்டர்ஸ் ஆஃப் தி கோல்டன் கோப்ரா’ பார்த்தோம். 1982இல் வந்த இத்தாலியப் படம். பிலிப்பைன்ஸ் காட்டில் எடுத்தது. சிறுவயதில் தெருவில் வாடகைக்கு டெக் எடுத்து விடிய விடியப் பார்த்த மூன்று படங்களில் இதுதான் கடைசி. அன்று நான் பாதியில் தூங்கிவிட்டதாக அண்ணன் சொல்கிறார். இல்லை. அந்தப் பொன் நாகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஜனவரி 13

1981இல் ஸ்பீல்பெர்க்கின் புதையல் வேட்டைப் படம் சுமார் 2 கோடி டாலரில் உருவாகி உலகெங்கும் வசூலைக் குவித்தது. அந்தச் சூட்டோடு இத்தாலியர்களும் காட்டுக்குள் இறங்கினார்கள். நகல் என்று இவற்றை ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது. ‘கோல்டன் கோப்ரா’வின் இயக்குநர் அந்தோனியோ மார்கெரிட்டி (திரையில் ஆந்தனி எம். டாசன்) மினியேச்சர் கலையில், அதாவது சிறு மாதிரிகளைக் கட்டிப் பெரிய காட்சிகளாகக் காட்டுவதில், பெயர் பெற்றவர். பணம் இல்லாத இடத்தில் கைத்திறனை வைத்தவர்.

மாதிரியைச் சிறிதாக்கலாம், புவியீர்ப்பைச் சிறிதாக்க முடியாது. 16 அடி உயரத்திலிருந்து கல் விழ ஒரு நொடி ஆகும். ஓரடி மாதிரியில் கால் நொடிதான். ஆகவே நொடிக்கு 24 பிரேம் (தனித்தனிப் படங்கள்) ஓடும் படத்துக்கு 96 பிரேமில் எடுக்க வேண்டும்; அப்போதுதான் திரையில் நான்கு மடங்கு மெதுவாக ஓடி, கால் நொடி ஒரு நொடியாகும். கல்லும் மண்ணும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படும். தண்ணீர் கட்டுப்படாது. மலையைச் சுருக்கினாலும் துளி சுருங்காது.

ஜனவரி 15

வீடு நிறைய விருந்தினர். எழுத நேரமில்லை.

ஜனவரி 16, ஒகேனக்கல்

பரிசல் துறையில் கால் வைக்க இடமில்லை. மீன் பொரியும் வாசனையைத் தாண்டி, கூட்டம் குறைந்த கரையோரமாக ஒதுங்கினோம். மகள் களிமண்ணும் கூழாங்கல்லும் சேர்த்து ஓரடி அருவி கட்டினாள். நான் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற, அவள் மொபைலில் நான்கு மடங்கு மெதுவாக ஓடும்படி படம் பிடித்தாள்.

கூழாங்கற்கள் உருண்டபோது மலையே சரிவதுபோல் இருந்தது. அண்ணன் அதை மூன்று முறை போட்டுப் பார்த்தார். தண்ணீர் மட்டும் சொம்புத் தண்ணீராகவே தெரிந்தது: கொழுத்த துளிகள், கண்ணாடிபோல் வழவழப்பு.

நிமிர்ந்து காவிரியைப் பார்த்தேன். அங்கே தண்ணீர் உடைந்து, நுரைத்து, புகையாக எழுந்துகொண்டிருந்தது. கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை. புகையும் கல் என்பதே இந்த ஊரின் பெயர். எத்தனை முறை வந்திருக்கிறேன், அந்தப் புகையை இன்றுதான் நின்று பார்த்தேன்.

“துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை நாளைக்குக் கொண்டுவரலாம் அப்பா” என்றாள் மகள். அண்ணன் அப்போதே வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.